ஒரே பார்ட்டி, பல ரோல்: எந்த வடிவமைப்பு தாங்கும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்கு மென்பொருள் எழுத உட்காருபவர் சீக்கிரமே இந்த முடிச்சில் சிக்குவார். கூலிக்கு நிட்டிங் ஓட்டித் தருபவரே நம்மிடம் மிச்ச நூலை விலைக்கு வாங்குகிறார். ஆர்டர் நெருக்கினால் அவருடைய பவர்டேபிள் யூனிட்டில் நம் பீஸ்கள் தைக்கப்படுகின்றன. ஆள் ஒருவர்தான், அவர் ஏற்கும் ரோல்கள் மூன்று. அவரை நிரலில் எப்படி வைப்பது?

பாடப்புத்தகம் காட்டும் வழி மரபுரிமை. பார்ட்டி (நம்மோடு வரவுசெலவு வைத்திருப்பவர்) என்று ஒரு தாய் கிளாஸ், அதாவது ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு; அதன் கீழே அதன் குணங்களைப் பெறும் வாடிக்கையாளர், நிட்டிங்காரர், தையல்காரர். படம் போட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஜாவா மொழியில் ஓர் ஆப்ஜெக்ட் (கிளாஸிலிருந்து உருவாகும் தனிப் பதிவு) எந்த கிளாஸில் பிறந்ததோ, கடைசிவரை அந்த கிளாஸ்தான். அதனால் அதே ஆளுக்கு இரண்டு, மூன்று ஆப்ஜெக்ட் உண்டாக்குவோம். இப்போது அவர் இன்னும் கொஞ்சம் நூல் கேட்கிறார் என்று வையுங்கள். நூல் வகையில் அவர் தர வேண்டியது 3 லட்சம், கடன் வரம்பு 2 லட்சம். மென்பொருள் பில் போட மறுக்கிறது. நாம் அவருக்குத் தர வேண்டிய நிட்டிங் கூலி 2 லட்சம் பக்கத்து ஆப்ஜெக்டில் சும்மா கிடக்கிறது. நேர் செய்தால் பாக்கி 1 லட்சம்தான். முதலாளி இதை மனக்கணக்கில் சொல்லிவிடுவார். நிரலுக்கு அந்த இருவரும் ஒருவர் என்றே தெரியாது. ரோல்களின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு கிளாஸ் எழுதலாம் என்றால், மூன்று ரோலுக்கு ஏழு கிளாஸ். சாயப்பட்டறையும் சேர்ந்தால் பதினைந்து. வேண்டவே வேண்டாம்.

டிரெய்ட் என்பது வேறு நோயின் மருந்து. பிஎச்பி மொழி 2012இல் 5.4 பதிப்பில் கொண்டுவந்த டிரெய்ட், ஒரே நிரலைப் பல கிளாஸ்கள் பகிர உதவும். ஆளுக்கு ஆள், நிரல் ஓடும்போது மாறும் ரோலை அது தராது. ரூபி மொழியில் தனி ஆப்ஜெக்டிலேயே ஒரு மாட்யூலை (செயல்களின் தொகுப்பை) ஏற்றலாம். ஏற்றியதை இறக்க மொழியில் நேர்வழி இல்லை.

தரவு, திரை, கட்டுப்பாடு மூன்றையும் பிரிக்கும் எம்விசி வடிவமைப்பை 1979இல் ஜெராக்ஸின் பார்க் (PARC) ஆய்வகத்தில் உருவாக்கிய ட்ரிக்வே ரீன்ஸ்காக், பிற்காலத்தில் ஜேம்ஸ் கோப்ளியனுடன் சேர்ந்து டிசிஐ (டேட்டா, கான்டெக்ஸ்ட், இன்டராக்ஷன்) என்ற வழியை முன்வைத்தார். ரோல் என்பது ஒரு வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும். வேலை முடிந்தால் ரோலும் போகும். சிந்தனையாக இதுவே எனக்கு மிகப் பிடித்தது. ஆனால் ஜாவா போன்ற மொழிகளில் இதற்கு வாகான வசதி கிடையாது. தவிர, கூலிக்குச் செய்து தரும் ஜாப்வொர்க் அப்படிச் சட்டென்று முடிகிற சமாசாரமும் இல்லை. செலான் (சரக்கோடு போகும் சீட்டு) போட்டு அனுப்பிய சரக்கு ஜிஎஸ்டி சட்டப்படி ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். அத்தனை நாளும் அதன் கணக்கு எங்காவது நிற்க வேண்டும்.

ஆகவே என் ஓட்டு 1997இல் எழுதப்பட்ட ரோல் ஆப்ஜெக்ட் வடிவத்துக்கு. ஆளுக்கு ஒரு மைய ஆப்ஜெக்ட், அதனோடு சேரும் ஒவ்வொரு ரோலும் ஒரு தனி ஆப்ஜெக்ட். பெயரும் முகவரியும் நிகரப் பாக்கியும் மைய ஆப்ஜெக்டில். கடன் வரம்பு வாடிக்கையாளர் ரோலில், செலான்கள் நிட்டிங் ரோலில். தையல் ரோலை இன்று சேர்க்கலாம், ஆர்டர் முடிந்து கணக்குத் தீர்ந்ததும் எடுக்கலாம். வரம்பைச் சோதிக்கும் வரி மையத்திடம் நிகரப் பாக்கியைக் கேட்கும், பில் விழும்.

எழுத வேண்டிய நிரல் கூடும், மறுக்கவில்லை. ரோலும் மையமும் நினைவகத்தில் தனித்தனி ஆப்ஜெக்ட் என்பதால், இரண்டும் ஒரே ஆளா என்று நேராக ஒப்பிட்டால் இல்லை என்றே விடை வரும். எல்லாவற்றிலும் ஒரே பார்ட்டி எண்ணை வைத்து அதைக் கொண்டு ஒப்பிட வேண்டும். அதற்கு ஜிஎஸ்டி எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு வரம்புக்குக் கீழே உள்ள சிறு யூனிட்டுகள் பலவற்றிடம் அது இருக்காது.