தங்கா ஓவியத்தை ஃபிரேம் கடையில் கொடுத்துவிடாதீர்கள்

நேபாளத்திலோ தரம்சாலாவிலோ வாங்கிய தங்கா, அதாவது துணியில் வரைந்த திபெத்திய பௌத்த ஓவியம், யார் வீட்டிலாவது இருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

2017இல் காட்மாண்டு போனபோது, பௌத்தநாத் ஸ்தூபியைச் சுற்றியிருக்கும் கடைகளில் ஒன்றில், பச்சைத் தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் தங்கா ஒன்று வாங்கினேன். நேபாள ரூபாயில் 40,000, நம் பணத்தில் 25,000. ("தங்கமா வாங்கினே?" என்று அம்மா ஃபோனில் கேட்டது தனிக்கதை.) அச்சடித்து மேலே வண்ணம் தொட்ட சரக்கு இல்லை, பருத்தித் துணியில் கையால் வரைந்தது. சுற்றிலும் ஜரிகைப் பட்டு, மேலும் கீழும் மரக்கழி, முன்னால் மூட மெல்லிய பட்டுத்திரை. பின்பக்கம், தாராவின் நெற்றி, தொண்டை, நெஞ்சு இருக்கும் இடங்களுக்கு நேராக ஓம், ஆ, ஹூம் என்று திபெத்திய எழுத்தில் எழுதியிருந்தது.

முதல் தப்பு என்னுடையது. டெல்லி வீட்டில் சாமி அலமாரிக்கு மேலேயே மாட்டி, ஐந்து வருடம் கீழே விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றினேன். புகை படிந்து மங்கிவிட்டது. வீடு மாறியபோது பட்டின் தையலும் ஒரு பக்கம் விட்டுப்போனது. பக்கத்து மார்க்கெட்டில் ஒரு ஃபிரேம் கடை. "க்ளீன் பண்ணி, புதுசு மாதிரி ஆக்கித் தர்றோம் சார்" என்றார்கள். 4,800 ரூபாய். எதை வைத்து க்ளீன் பண்ணுவீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்துப் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைப்பையன் ஒரு ஸ்பாஞ்சை எடுத்து நீட்டினான். "பாருங்க சார், எவ்வளவு அழுக்கு!" ஸ்பாஞ்சு பச்சையாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் நீலம். ஊதுபத்திப் புகை எந்த ஊரில் பச்சையாக இருக்கிறது?

தாராவின் கன்னத்தில் துணியின் இழை தெரிந்தது. இடது கையில் இருந்த நீலத்தாமரை வானத்தோடு கரைந்து ஒழுகியிருந்தது. பட்டு எங்கே என்றால், "பழசா இருந்துச்சு, வெட்டிட்டோம்" என்றார் முதலாளி. ஓவியத்தைப் பசை தடவி பிளைவுட்டில் ஒட்டி, கண்ணாடியை நேரடியாக வண்ணத்தின் மேலேயே அழுத்தி மூடியிருந்தார்கள். பின்பக்க எழுத்து பலகைக்குள் போய்விட்டது. சண்டை போட்டதில் 500 ரூபாய் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு டெல்லியில் திபெத்தியர்கள் வாழும் மஜ்னு கா டீலாவில், தங்காவுக்குப் பட்டு தைக்கும் திபெத்தியப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ரொம்ப நேரம் பார்த்தார். கல்லை அரைத்த பொடியோ கடையில் வாங்கிய நிறமோ, தோலைக் காய்ச்சி எடுத்த பசையில் குழைத்துத்தான் பூசுவார்களாம். துணியின் மேல், வண்ணத்துக்கு அடியில் போடும் சுண்ணப் பூச்சிலும் அதே பசை. தண்ணீர் பட்டால் எல்லாம் இளகிவிடும். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு நம் வேலை முடிந்தது. வண்ணம் உதிர்கிற மாதிரி தெரிந்தால் அதையும் செய்யக் கூடாது. ஈரத்துணி, சோப்பு, வார்னிஷ் எதுவும் கிட்டவே வரக் கூடாது. புகை படிந்தால் படிந்தபடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் அருங்காட்சியகங்களுக்கு ஓவியம் பழுதுபார்ப்பவர்களிடம் கேளுங்கள்.

வெயில் படாத உள்சுவரில் மாட்டுங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் வேண்டாம். கண்ணாடி போட்டே ஆக வேண்டும் என்றால் ஓவியத்தைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். சுருட்ட வேண்டி வந்தால் தடித்த குழாயில் தளர்வாக. இறுக்கிச் சுருட்டினால் வண்ணம் வெடிக்கும்.

பலகையிலிருந்து பிரிக்க முடியுமா என்று பெரியவரிடம் கேட்டேன். பலகையில் ஒட்டிய பசை இளக ஈரம் வேண்டும், ஈரம் பட்டால் மிச்சமிருக்கும் தாராவும் போய்விடும் என்றார். கண்ணாடியை மட்டும் கழற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.