தடையுத்தரவு 'எடுத்தாச்சு' என்று சொன்னால், எந்தத் திகதி வரை என்று கேளுங்கள்

திருகோணமலைப் பக்கம் காணிப் பிரச்சினை உள்ளவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்.

நிலாவெளியில் அம்மாவின் உறுதிக்காணிக்குள் பக்கத்துக் காணிக்காரர் மதிலுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கினார். நீதிமன்ற வாசலில் திரியும் தரகர் ஒருவர், "நான் சட்டத்தரணியின்ர ஆள்தான் அம்மா, தடையுத்தரவு எடுத்துத் தாறன்" என்று பெருந்தொகை வாங்கினார். பிறகு முத்திரை குத்திய ஒரு போட்டோப் பிரதியைக் கொண்டுவந்து, "இது நிரந்தரம், இனி அவர் ஒரு கல்லும் வைக்கேலாது" என்றார்.

மதில் எழும்பியது. அந்தத் தாளோடு பொலிசுக்குப் போனோம். சார்ஜன்ட் பார்த்துவிட்டு, "எந்தத் திகதி வரைக்கும் அம்மா?" என்று கேட்டார். திகதி இருக்க வேண்டிய வரியே இல்லை. அந்த இடத்தில் தரகர் தாளை மடித்துப் பிரதி எடுத்திருக்கிறார்! நீதிமன்றப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. கிடைத்திருந்தது 14 நாள் கட்டளை. அடுத்த தவணைக்கு எங்கள் பக்கம் யாரும் ஆஜராகவில்லை, அது காலாவதியாகிவிட்டது.

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 664ஆம் பிரிவில் இது தெளிவாக இருக்கிறது. தாமதித்தால் கேட்ட நிவாரணமே வீணாகிவிடும் என்று தெரிந்தால், எதிராளியைக் கேட்காமலே நீதிமன்றம் உடனே தடுக்கலாம். ஆனால் முதலில் 14 நாளுக்கு மேல் போகாது, நீடிப்பதும் தக்க காரணம் காட்டினால், ஒவ்வொரு தடவையும் 14 நாளுக்குள்தான். இடைக்காலத் தடையுத்தரவு எதிராளிக்கு அறிவித்தல் போய், அவர் தரப்பையும் கேட்டு, வழக்கு முடியும்வரை கொடுப்பது. நிரந்தரத் தடை, வழக்கு விளக்கம் (முழு விசாரணை) முடிந்து தீர்ப்போடு மட்டுமே வரும். வழக்குப் போட்ட கையோடு நிரந்தரத் தடை எடுத்துத் தருகிறேன் என்பவர் பொய்தான் சொல்கிறார்.

கூடுதலாக வயிறெரிவது இதற்குத்தான்: பலவந்தமாக வெளியேற்றப்பட்டால், இரண்டு மாதத்துக்குள் நீதவான் நீதிமன்றத்தில், முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் விஷயம் போயிருந்தால் உடைமையைத் திருப்பிக் கேட்கலாம். "அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்லியே தரகர் அந்தக் காலத்தைக் கடத்திவிட்டார். இப்போது புதிய சட்டத்தரணி மதிலை அகற்றக் கட்டளை கேட்கிறார். கட்டினதை இடிக்கச் சொல்லி இடைக்காலத்திலேயே கட்டளையிட நீதிமன்றம் இலகுவில் இணங்காது என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

வழக்கிலக்கத்தைக் கேட்டு வாங்கி, பதிவகத்தில் நீங்களே பாருங்கள். காசைச் சட்டத்தரணியின் கையில் கொடுத்துப் பற்றுச்சீட்டு எடுங்கள். இதே மாதிரி மடித்த பிரதி வேறு யாருக்காவது கிடைத்திருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். நாங்கள் பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், உங்களுடையதும் சேர்ந்தால் பலம்.