பேரீச்சம்பழக்காரர் வாங்காத சாமான்: பழைய செக்ஸ் டாயை எங்கே தள்ளுவது?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த தோழி ஒருத்தி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கட்டிலில் பழைய துண்டு ஒன்றை விரித்து, அதன் மேல் ஐந்து பொருள்களை வரிசையாக வைத்திருந்தாள். கீழே ஒரே வரி: "அக்கா, இதையெல்லாம் என்ன பண்றது?"

சோபா விற்றுப் போயிருந்தது. கிரைண்டரை மாடிவீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தவை இந்த ஐந்தும்தான்: போன் ஆப்புடன் இணையும் வைப்ரேட்டர், பளபளவென்று ஊதா நிறத்தில் ஜெல்லி போன்ற ஒன்று, பேட் டிராகன் கம்பெனியின் பெரிய சிலிகான் பொம்மை, வளைந்த எவர்சில்வர் தண்டு, பெட்டியே பிரிக்காத மசாஜர். எல்லாம் சேர்த்து வாங்கிய விலை 400 பவுண்டுக்கு மேல். குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருபவரைக் கூப்பிட்டுக் கொடுக்கிற சாமானும் இல்லை.

இரண்டு வாரம் இதே வேலையாக அலைந்தோம். விற்க உள்ள வழிகளைப் பார்த்தால் மூன்றுதான்: எல்லோரும் கூடும் பெரிய சந்தைகள், இதற்கென்றே இருக்கும் ஆர்வலர் வட்டங்கள், கடைசியாக விற்கும் ஆசையை விட்டுவிட்டு மறுசுழற்சி.

முதலில் பெரிய சந்தைகள். இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை, கதவு ஏறக்குறைய சாத்தியாகிவிட்டது. ஈபேயில் பயன்படுத்திய உள்ளாடையைக்கூட விற்க முடியாது. 2021 ஜூனில் 'அடல்ட்ஸ் ஒன்லி' பிரிவையே அவர்கள் மூடிவிட்டார்கள். எட்ஸியில் கைவினைக்காரர்கள் இவற்றை நெடுநாள் விற்றுவந்தார்கள். 2024 ஜூலை 29 முதல் உடலுக்குள் செலுத்தும் வகைகளையும் பிறப்புறுப்பில் படும் வகைகளையும் அங்கே தடைசெய்துவிட்டார்கள். புதுப்பொருளுக்கே அங்கே இந்த நிலை. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் பாலியல் பொருள்களுக்கு இடமில்லை. இருந்தாலும் 'மசாஜர்' என்று பெயர் மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. அதில் உள்ள சிக்கல் தடை மட்டும் இல்லை. அங்கே விளம்பரம் உங்கள் சொந்தப் பெயரோடும் முகத்தோடும் போகிறது. இல்ஃபோர்டில் இருக்கும் சித்தி பழைய குக்கர் தேடும்போது கண்ணில் படப்போவது எது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரிக்காத மசாஜருக்கு மட்டும் வேறு வழி இருந்தது. பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கிய பொருளை, கையில் கிடைத்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம் என்கிறது 2013ஆம் ஆண்டு விதி. ஆனால் சுகாதாரக் காரணத்துக்காக முத்திரையிட்ட பொருளென்றால், முத்திரையைக் கிழித்ததும் அந்த உரிமை போய்விடும். இவள் கிழிக்கவில்லை, ஆனால் 14 நாள் போய் மாதக்கணக்காகிவிட்டது. வாங்கிய கடைக்கு எழுதிப் பார்த்தாள். பணம் கிடையாது, கடைக் கிரெடிட்டாகத் தருகிறோம் என்றார்கள். இரண்டு நிமிட மின்னஞ்சல்தான். பிரிக்காத பெட்டி கையில் இருப்பவர்கள், விளம்பரம் போடும் முன்னால் கடைக்காரரைக் கேட்டுவிடுங்கள்.

இனி ஆர்வலர் வட்டங்கள். சரக்கு உண்மையில் கைமாறுவது இங்கேதான். அதிகம் எழுத வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பேட் டிராகன் 2008இல் தொடங்கிய கம்பெனி. டிராகன், ஓநாய் என்று கற்பனை மிருகங்களின் பிறப்புறுப்பு வடிவில் சிலிகான் பொம்மைகளை ஒவ்வொன்றாக வார்க்கிறார்கள். அளவு, மென்மை, நிறம் எல்லாவற்றையும் வாங்குபவரே சொல்லலாம். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. நிறுத்திவிட்ட நிறம், அபூர்வமான கலவை என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். தபால்தலை சேகரிப்பவர்களின் உலகம் மாதிரி. பட்டியல்களைப் புரட்டியபோது, பயன்படுத்தியதற்கே புதுவிலைக்குப் பக்கத்தில் கேட்டிருந்ததைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன்.

ஆனால் இவளுடையது சாதாரண நிறம். அதற்கு ஒரு போட்டியாளர் உண்டு, அதுவும் அதே கம்பெனிதான். வார்ப்பில் சின்னக் குறை வந்தவற்றை 'ஃப்ளாப்' என்று பெயரிட்டுத் தள்ளுபடியில் அவர்களே விற்கிறார்கள். யார் உடம்பிலும் படாத பொருள் தள்ளுபடியில் கிடைக்கும்போது, பட்ட பொருளுக்கு அதே விலையை யார் கொடுப்பார்கள்? சாதாரண ரகத்துக்கு விலை வைக்கிறவர்கள் ஃப்ளாப் விலையைப் பார்த்துவிட்டு, அதற்கும் கீழே இறங்கித்தான் ஆகவேண்டும். நாங்கள் 90 பவுண்டுப் பொருளுக்கு 60 என்று போட்டுப் பத்து நாள் காத்திருந்து, 40க்குக் கொடுத்தோம்.

விலையைவிடப் பெரிய கேள்வி, அதைக் கழுவி விற்க முடியுமா என்பது. இதற்குப் பதில் பொருள் எதனால் ஆனது என்பதில்தான் இருக்கிறது. சிலிகான், கண்ணாடி, எவர்சில்வர் இவற்றில் நுண்துளை இல்லை. மோட்டார் இல்லாத முழு சிலிகானைக் கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுக்கலாம். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து முக்கி, பிறகு நன்றாக அலசலாம். டி.பி.இ. என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக், ஜெல்லி, பி.வி.சி. வகைகளில் இது நடக்காது. நுண்துளைகளுக்குள் போனது உள்ளேயே தங்கிவிடும். 2014இல் இந்தியானா பல்கலைக்கழகத்தினர் 12 பெண்களை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். கழுவி 24 மணி நேரம் கழித்தும் சில டி.பி.இ. வைப்ரேட்டர்களில் பாலுறவில் பரவும் எச்.பி.வி. வைரஸின் தடயம் இருந்தது; சிலிகானில் இல்லை. 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் ஊதா ஜெல்லியை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்க எனக்கு அது போதும்.

போதாதென்றால் அந்த டிராயரைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஜெல்லி கிடந்த இடத்தில் வார்னிஷ் இளகி, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வட்டம். தொட்டால் விரலில் ஒட்டியது. புது ரப்பர் செருப்பின் வாடை. அந்த மாதிரி மென்மைக்காகச் சேர்க்கும் தாலேட் வகை ரசாயனங்களைப் பற்றி டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2006இலேயே ஆய்வு நடத்தியது. இந்தச் சாதனங்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. 3533 என்ற உலகத் தரவரையறை வந்தது 2021இல்தான். அதற்கு முந்தைய சரக்கில் பெட்டி மேல் 'சிலிகான்' என்று அச்சடித்திருப்பதை அப்படியே நம்பிவிட முடியாது.

அப்புறம் வாங்க வரும் ஆட்கள். விளம்பரம் போட்ட அன்றே முதல் செய்தி: "கழுவாமல் அனுப்ப முடியுமா? அதிகம் தருகிறேன்." இரண்டாவது ஆள், நீங்களே அதைப் பிடித்துக்கொண்டிருப்பது போல ஒரு படம் வேண்டும் என்றார். பெயரைப் பார்த்துப் பெண் என்று ஊகித்திருப்பார்கள். அந்தக் கணக்கை அழித்துவிட்டு, ஆணா பெண்ணா என்று தெரியாத பெயரில் புதிதாக ஒன்று தொடங்கினோம். படத்தில் பொருளும் அளவு காட்ட ஒரு ஸ்கேலும் மட்டும், பின்னணியில் வெள்ளைத் தாள். இதற்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், பிளாக் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

பணம் வாங்குவதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. பேபாலில் 'பொருள் மற்றும் சேவை' வழியில் வாங்கினால், பொருள் வராவிட்டால் வாங்குபவருக்குப் பணம் திரும்பும். அதனால் அவர் நம்பி வருவார். கட்டணமாக உங்களிடம் 2.9 சதவீதமும் 30 பென்ஸும் பிடிப்பார்கள். 'நண்பர்கள், குடும்பம்' வழியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. முன்பின் தெரியாதவரிடம் அதைக் கேட்பவரை நானாக இருந்தால் நம்ப மாட்டேன். ஆனால் சொந்தக் கணக்கு என்றால் எந்த வழியிலும் உங்கள் உண்மைப் பெயர் எதிராளிக்குத் தெரிந்துவிடும். புனைபெயரில் விற்றுவிட்டுப் பணம் வாங்கும் இடத்தில் அப்பா பெயரோடு நிற்கிற கதை. இதற்கென்றே இருக்கும் மறுவிற்பனைத் தளங்களில் பணத்தைத் தளமே வாங்கிக் கைமாற்றினால் இந்தத் தலைவலி குறையும். கமிஷன் போனாலும் பரவாயில்லை என்பேன்.

அனுப்புவதற்கு பார்சல் லாக்கர் நல்லது. இவள் கொண்டுபோய் ஒரு லாக்கரில் போட்டாள், அவர் வேறொரு லாக்கரில் எடுத்துக்கொண்டார். இருவர் வீட்டு முகவரியும் வெளியே வரவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவது வேண்டாம். சுங்கப் படிவத்தில் உள்ளே இருப்பது என்ன என்று எழுதி, அதைப் பார்சலின் மேலேயே ஒட்ட வேண்டும். பொய் எழுதினாலும் வம்பு, உண்மை எழுதினாலும் வம்பு.

இந்தியாவுக்கென்றால் இன்னும் சிக்கல். இந்தப் பொருள்களை வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை; ஆனால் ஆபாசப் பொருள் விற்பனையைத் தண்டிக்கும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 294ஆக உட்கார்ந்திருக்கிறது. எது ஆபாசம் என்பதை அதிகாரியின் கண்ணே தீர்மானிக்கிறது. சுங்கத்துறை பிடித்துவைத்த மசாஜர்களைப் பற்றி 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம், இது ஆபாசம் என்பது அதிகாரியின் கற்பனை என்ற தொனியில் தீர்ப்புச் சொல்லி, பறிமுதலை ரத்து செய்த தீர்ப்பாயத்தின் உத்தரவை உறுதி செய்தது. நல்ல தீர்ப்புதான். அதற்காக ஒரு பழைய பொம்மைக்கு உயர் நீதிமன்றம் வரை யார் போவது?

ஆப் வைப்ரேட்டரை விற்கக் கூடாது என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். மோட்டாரும் பேட்டரியும் உள்ளே இருப்பதால் கொதிக்க வைக்க முடியாது என்பது ஒன்று. இன்னொன்று, அதன் ஞாபகசக்தி. வீ-வைப் என்ற சாதனத்தின் கனடாக் கம்பெனி, எந்த நேரத்தில் எந்த அதிர்வு நிலையில் பயன்படுத்தினார்கள் என்பதையெல்லாம் ஆப் வழியாகச் சேகரித்ததாக வழக்கு வந்து, 2017இல் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. பழைய போனை விற்கும் முன் எல்லாவற்றையும் அழிக்கிறோம் இல்லையா, அதேபோல் இதிலும் இணைப்பைத் துண்டித்து, கணக்கையே நீக்க வேண்டும். இவளுக்குக் கணக்கின் பாஸ்வேர்டே மறந்துபோயிருந்தது. அதை மீட்கவே ஒரு சாயங்காலம் போயிற்று.

மூன்றாவது வழியில் பணம் வராது, ஆனால் வேலை சுலபம். பிரிட்டனில் செக்ஸ் டாய் விற்கும் லவ்ஹனி கடை 2007இல் 'ராபிட் அம்னெஸ்டி' (ராபிட் என்பது ஒரு வகை வைப்ரேட்டர்) என்ற பெயரில் பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பத் தொடங்கியபோது பலர் சிரித்தார்கள். எனக்கு அது மிக நல்ல யோசனையாகத்தான் படுகிறது. அது இல்லாவிட்டாலும், மின்சாதனம் விற்கும் பெரிய கடைகள் 25 செ.மீ.க்குக் குறைவான பழைய மின்சாதனங்களை, நீங்கள் எதுவும் வாங்காவிட்டாலும், இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. 400 சதுர மீட்டருக்கு மேல் மின்சாதனம் விற்கும் கடைகளுக்கு அது பொருந்தும். டோஸ்டரையும் டிரிம்மரையும் போடுகிற அதே தொட்டியில் வைப்ரேட்டரையும் போட்டுவிட்டு வந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊதா ஜெல்லியில் மோட்டார் இல்லை, அதனால் அது சாதாரணக் குப்பைக்குப் போயிற்று. இரண்டு கறுப்புப் பைக்குள் சுற்றி.

எவர்சில்வர் தண்டு ஒன்றுதான் பாக்கி. கொதிக்க வைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும், துருப்பிடிக்காது, பேட்டரி இல்லை, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ஐந்தில் செகண்ட் ஹேண்டாக விற்க மிகவும் ஏற்றது அதுதான். நான் விளம்பரமே எழுதி வைத்துவிட்டேன். கிளம்புகிற அன்று கேட்டேன். "அது மட்டும் இருக்கட்டும்க்கா" என்றாள். பெட்டியில் சாம்பார் வாளிக்கும் இட்லித் தட்டுக்கும் நடுவில், துண்டில் சுற்றி வைத்திருந்தாள்.