பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பூங்கா: மரம் பார்க்கப் போகிறவர்களுக்கு

சித்திரையில் போனால் கொடுத்த காசுக்குக் குறையில்லை. சரக்கொன்றை இலை உதிர்த்து, முழ நீளச் சரமாகத் தொங்குகிறது. அதன் அடியில் பெஞ்சு போட்டவர் விவரமான ஆள். மார்கழிக்கு மந்தாரை, வெயிலுக்குக் காகிதப்பூ என்று வரிசையும் நன்றாகவே யோசித்தது.

கோளாறு பராமரிப்பில். காகிதப்பூவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், இலைதான் கொழுக்கிறது. மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு விட்டால் போதும். இட்லிப்பூச் செடியில் நரம்பு மட்டும் பச்சை, நடுவே மஞ்சள். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காததால் வருவது இது. யூரியா போட்டுத் தீராது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளிக்கணும், 15 நாள் கழித்து மறுபடியும்.

நடைபாதையோரம் குல்மோகர் வைத்ததுதான் பெரிய தப்பு. வேர் மேலாக ஓடி, சிமெண்ட் பலகையைத் தூக்கிவிட்டது. கிளையும் சட்டென்று முறியும் ஜாதி. ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் காற்று சும்மா விடுமா? காற்றுக்கு முன்பே காய்ந்த கிளை, உரசும் கிளைகளைக் கழிக்கணும். மொட்டையடித்தால் கிளம்பும் புதுக்கிளை இன்னும் சுலபமாக ஒடியும். அந்த இடத்துக்குப் பூவரசே போதுமே.