மீன்வளத்தை மீட்க எந்த வழி: தடைக்காலமா, கோட்டாவா, எல்லை உரிமையா, மூடிய கடலா?

1974-ல் உலகின் மீன் இருப்புகளில் (ஒரு கடற்பகுதியில் வாழும் ஒரு வகை மீனின் தொகுதி ஓர் இருப்பு) பத்தில் ஒன்றுதான் தாங்கும் அளவை மீறிப் பிடிக்கப்பட்டது. 2021-ல் அது 37.7 சதவீதம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்குச் சொல்கிறது. இதைப் படித்துவிட்டுக் கடல் அவ்வளவுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்கா மட்டுமே 2000க்குப் பிறகு சுமார் 50 இருப்புகளை மீட்டிருக்கிறது. அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பேசப்பட்ட அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையும், பிடி அளவைக் கடுமையாகக் குறைத்த பத்தாண்டுகளில் எழுந்து வந்துவிட்டது. பல மீன்கள் வேகமாகப் பெருகும் இனம். விட்டால் திரும்பி வரும். எப்படி விடுவது என்பதில்தான் சண்டை.

போட்டியில் இருக்கும் வழிகள் முக்கியமாக நான்கு.

தடைக்காலம்

அரசுகளுக்கு மிகவும் பிடித்த வழி இது. காரணம் எளிது: தடை நாளில் படகு துறைமுகத்தில் நிற்கிறதா இல்லையா என்று கரையிலிருந்தே பார்த்துவிடலாம். விஞ்ஞானி வேண்டாம், எடை போடும் ஆள் வேண்டாம்.

ஆனால் தடைக்காலம் நாட்களைத்தான் குறைக்கிறது, படகுகளின் பசியை அல்ல. இது எங்கே போய் முடியும் என்று பார்க்க அலாஸ்காவின் ஹாலிபட் மீன்பிடிப்பைப் பார்க்க வேண்டும். மொத்தப் பிடிக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. ஆனால் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கவில்லை. பந்திக்கு முந்து என்பதுதான் விதி. படகுகள் கூடக்கூட, வரம்பைத் தாண்டாமலிருக்கப் பருவத்தைச் சுருக்கிக்கொண்டே போனார்கள். மாதக்கணக்கில் இருந்த பருவம் 1990களின் தொடக்கத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு 24 மணி நேரம் என்று ஆகிவிட்டது. அன்றைக்குப் புயல் அடித்தாலும் போயே ஆக வேண்டும், விட்டால் அடுத்த வாய்ப்பு எப்போதோ. முடிந்த மட்டும் தூண்டில் கயிறுகளை இறக்குவார்கள், நேரம் முடிவதற்குள் எல்லாவற்றையும் இழுக்க முடியாது. விடப்பட்ட கயிறுகள் கடலடியில் கிடந்து யாருக்கும் பயனில்லாமல் மீனைக் கொன்றுகொண்டிருந்தன. ஒரே நாளில் மொத்த மீனும் கரைக்கு வந்து விழுந்ததால் பெரும்பகுதியை உறைய வைத்துத்தான் விற்க வேண்டியிருந்தது, விலையும் இறங்கியது.

தடைக்காலத்தில் உண்மையிலேயே பலன் தரும் வகை ஒன்று உண்டு: முட்டையிடக் கூடும் இடத்தையும் நேரத்தையும் குறிபார்த்து மூடுவது. கரீபியக் கடலில் நசாவ் களவா என்ற மீன் குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டி ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கூடும். அந்த இடம் தெரிந்துவிட்டால் சில நாட்களில் ஓர் ஊரின் மொத்த இருப்பையும் வாரிவிடலாம், பல இடங்களில் வாரியும்விட்டார்கள். கேமன் தீவுகள் 2003 முதல் அந்தக் கூட்டங்களைத் தொடக்கூடாது என்றன. லிட்டில் கேமனில் அந்த மீன் பின்னர் மூன்று மடங்குக்கு மேல் பெருகியது.

கோட்டா

அலாஸ்காவுக்கே திரும்புவோம். 1995-ல் ஹாலிபட் பிடியை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தார்கள். பந்தயம் அன்றே முடிந்தது. பங்கு எங்கும் ஓடிவிடாது என்பதால் நல்ல வானிலை பார்த்து, நல்ல விலை பார்த்துக் கடலுக்குப் போனார்கள். பருவம் சுமார் எட்டு மாதமாக நீண்டது, ஹாலிபட் புதிய மீனாகச் சந்தைக்கு வந்தது. பெரு நாட்டின் நெத்திலிப் படகுகளுக்கு 2009-ல் தனித்தனிக் கோட்டா வந்தபோதும் ஏறக்குறைய இதே கதைதான்.

அப்படியானால் கோட்டாவே போதுமே என்று தோன்றும். தோன்றியவர்கள் நிறைய. அதன் மூன்று ஓட்டைகளில் முதலாவதுதான் பயங்கரமானது: மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்ற எண் தவறாக இருந்தால் எல்லாமே தவறு.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீனுக்கு நடந்தது அதுதான். 1968-ல் அங்கே சுமார் 8 லட்சம் டன் பிடித்தார்கள், பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிற்சாலைக் கப்பல்கள். 1977-ல் கனடா கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள பகுதியைத் தன் வசம் எடுத்துக்கொண்டு, விஞ்ஞானிகளின் மதிப்பீட்டை வைத்துக் கோட்டா போட்டது. அந்த மதிப்பீட்டில் பெரிய இழுவைக் கப்பல்களின் மீன்பாட்டுக்கு முக்கிய இடம் இருந்தது. வலை நிறைகிறது, ஆகவே கடலில் மீன் இருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் காட் எண்ணிக்கையில் குறையக் குறைய, மிச்சமிருப்பவை நெருங்கிக் கூடும். கப்பல்கள் அந்தக் கூட்டத்தைத் தேடிப் போய் வலை போடும். கடைசிக் கூட்டம் வரை வலை நிறைந்துகொண்டேதான் இருக்கும். கரையோரம் சிறு படகில் பிடித்தவர்கள் மீன் வருவதில்லை, வருவதும் சிறுத்துவிட்டது என்று எண்பதுகளிலேயே முறையிட்டார்கள். 1992 ஜூலை 2-ல் மொத்தமாக மூடினார்கள். சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு மூன்று ஆண்டுகளில் திறந்துவிடலாம் என்று எண்ணி மூடியது, வணிக ரீதியாக மீண்டும் திறக்கப்பட்டது 2024-ல்தான், அதுவும் வெறும் 18,000 டன்னுக்கு.

இரண்டாவது ஓட்டை, பங்கு யார் கையில் போய்ச் சேர்கிறது என்பது. ஐஸ்லாந்தில் கோட்டாவை வாங்கலாம், விற்கலாம், குத்தகைக்கு விடலாம். மீனுக்கு இது நல்லதாகவே முடிந்தது. ஆனால் பங்குகள் பெரிய நிறுவனங்களிடம் குவிந்தன, சில கடலோர ஊர்களில் படகு இருந்தும் பிடிக்க உரிமை இல்லாமல் போனது. கோட்டா இல்லாமல் மீன் பிடித்துத் தண்டனை பெற்ற இரண்டு மீனவர்களின் முறையீட்டை ஏற்று, இந்த ஏற்பாடு சமத்துவத்துக்கு முரணானது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2007-ல் சொன்னது. மீனைக் காப்பாற்றுவதும் மீனவரைக் காப்பாற்றுவதும் ஒரே வேலை என்று பேசுபவர்கள் இந்த வழக்கைக் கொஞ்சம் படிக்கலாம்.

மூன்றாவது, வலைக்குக் கோட்டா தெரியாது. பத்து வகை மீன் சேர்ந்து ஏறும் கடலில் ஒரு வகைக்குப் பங்கு தீர்ந்துவிட்டால், அது செத்த மீனாகத் திரும்பக் கடலுக்குள் போகும். கணக்கில் வராது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் சட்டத்தைத் திருத்தி, பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றது. நடுக்கடலில் யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

எல்லை உரிமை

என் ஓட்டு, கரையோரக் கடலைப் பொறுத்தவரை, இதற்குத்தான். ஒரு குறிப்பிட்ட கடற்பரப்பை அதை நம்பிப் பிழைக்கும் மீனவர் குழுவிடமே ஒப்படைத்துவிடுவது. சிலியில் 'லோக்கோ' என்ற கடல் நத்தையை அள்ளி அள்ளி, 1989-ல் மொத்தத் தடை போடும் நிலைமை வந்தது. 1991 சட்டம் கடலடிப் பகுதிகளை மீனவர் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி செய்தது. தன் பகுதியில் இன்று விட்டுவைத்த நத்தை அடுத்த வருடமும் தனக்கே என்றதும், சங்கத்தாரே முக்குளித்து எண்ணத் தொடங்கினார்கள், திருட வருபவரை அவர்களே விரட்டினார்கள். அப்படிப் பார்த்துக்கொண்ட பகுதிகளில் நத்தைகள் பெருத்தன.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சிங்கி இறால்காரர்கள் இதற்கு இன்னும் பழைய உதாரணம். ஊருக்கு ஊர் எழுதாத எல்லை உண்டு. சினையோடு கூண்டில் ஏறும் பெண் இறாலின் வால் மடலில் 'வி' வடிவில் சின்ன வெட்டுப் போட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். அப்புறம் அது சினையில்லாமல் வேறொருவர் கூண்டில் ஏறினாலும், வெட்டு தெரியும்வரை விற்கக்கூடாது. முதுகோடு 3.25 அங்குலத்துக்குக் குறைந்ததையும் எடுக்கக்கூடாது, 5 அங்குலத்தைத் தாண்டியதையும் எடுக்கக்கூடாது, பெரிய பெண் இறால்தான் அதிக முட்டை இடும் என்பதால். ஒவ்வொரு படகுக்கும் ஓர் அதிகாரியை வைத்து இதைச் செய்ய எந்த அரசிடமும் பணம் கிடையாது.

இதன் வரம்பும் தெளிவு. நத்தை அதிகம் நகராது, சூரை ஆயிரக்கணக்கான மைல் போகும். நான் விட்ட சூரையை அடுத்த நாட்டுக்காரர் பிடிப்பார்.

மூடிய கடல்

ஒரு பகுதியில் மீன்பிடிப்பையே நிறுத்திவிடுவது இந்த வழி. மெக்சிகோவின் காபோ புல்மோ 1995-ல் பாதுகாப்புப் பகுதியானது. 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் கூடியது. நான்கு வழிகளிலும் இவ்வளவு கண்ணைப் பறிக்கும் எண் வேறில்லை, அதனால் மேடைகளில் இதுதான் அதிகம் பேசப்படுகிறது. அங்கே காவல் காத்தது உள்ளூர்க் குடும்பங்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் மட்டும் மூடிய கடல்கள் உலகில் ஏராளம். தவிர, ஓரிடத்தை மூடினால் படகுகள் மறைந்துவிடுவதில்லை, எல்லைக் கோட்டை ஒட்டி வரிசையாக நின்று வெளியே வரும் மீனைப் பிடிக்கும். பவளப்பாறை மீன்களுக்கு இது அருமையான காப்பீடு. மொத்தப் பிடியைக் குறைக்கும் கருவியாக மட்டும் இதை நம்பக்கூடாது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பெரிய கப்பல்கள், ஓரிரண்டு மீன் வகை, கரை இறங்கும் துறைகள் குறைவு என்றால் கோட்டாவை மிஞ்ச எதுவும் இல்லை. நிபந்தனை ஒன்றுதான்: எண்ணைச் சொல்வது விஞ்ஞானியாக இருக்க வேண்டும், அமைச்சர் அதை ஏற்றிவிடக்கூடாது. நகராத உயிர்களுக்கு எல்லை உரிமை. நூறு வகை மீன், ஆயிரம் சிறு படகு, எடை போட ஆளில்லை என்ற வெப்பமண்டலக் கடல்களில் கோட்டா காகிதமாகத்தான் இருக்கும். அங்கே வலைக் கண்ணியைப் பெரிதாக்குவது, முட்டையிடும் இடங்களை மூடுவது, புதுப் படகுக்கு உரிமம் தருவதை நிறுத்துவது என்று தொடங்குவதே நடக்கிற காரியம்.

இதில் எதைத் தேர்ந்தாலும், மறுபக்கம் அரசே டீசலுக்கும் புதுப் படகு கட்டவும் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தால் வண்டி இரண்டு பக்கமும் இழுபடும். உலக வர்த்தக அமைப்பில் இருபது ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 2022 ஜூனில் ஓர் ஒப்பந்தம் ஏற்கப்பட்டு, 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடிப்புக்கும், ஏற்கெனவே தேய்ந்துபோன இருப்புகளைப் பிடிப்பதற்கும் தரும் மானியத்தை அது தடுக்கிறது. படகுகளின் எண்ணிக்கையையும் திறனையும் ஊதிப் பெருக்கும் மானியங்களை அடுத்த சுற்றுப் பேச்சுக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.