டாக்பேக் கட்டுவது எப்படி: அனலாக் பெட்டியா, பார்ட்டி லைனா, மென்பொருளா?

வானொலி ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் "இன்னும் இருபது நொடி" என்று சொன்னால், அது அந்தப் பக்கம் மைக் முன் அமர்ந்திருப்பவரின் காதில் விழ வேண்டும், நேயரின் காதில் விழக் கூடாது. டாக்பேக்கின் வேலை இவ்வளவுதான். ஆகவே இதைச் சொந்தமாகக் கட்ட நினைப்பவர் ஒலித்தரத்தை ஒப்பிடுவதை விட, பழுதாகும்போது எது ஒலிபரப்பைக் கெடுக்காமல் பழுதாகும் என்று ஒப்பிடுவதே முறை. ஒலிகளைக் கலக்கும் மிக்சரிலேயே டாக்பேக் பட்டன் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் சில மேடை மிக்சர்கள் அந்தக் குரலை ஒலிபரப்புக்குப் போகும் மெயின் வெளியீட்டுக்கும் அனுப்பும் என்பதால் முதலில் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

இரண்டு அறைகள் மட்டுமே கொண்ட ஸ்டுடியோவுக்கு என் தேர்வு அனலாக் பெட்டிதான். ஒரு எலெக்ட்ரெட் மைக், அதற்கு மின்னழுத்தம் தரும் சில கிலோ ஓம் ரெசிஸ்டர், மைக்கின் சிறு ஒலியைப் பெருக்கும் ஓர் ஆப்-ஆம்ப் நிலை, கடைசியில் ஹெட்போனை இயக்க எல்.எம். 386 என்ற பெருக்கி ஐசி ஆகியவை போதும். இந்த ஐசியின் பெருக்கம் இயல்பாக 20. ஒன்றாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் 200 ஆகும். பலரும் அந்தக் கெப்பாசிட்டரை வைத்து ஆப்-ஆம்பை மிச்சப்படுத்துகிறார்கள். கூடவே வரும் "உஸ்" என்ற இரைச்சலை அறிவிப்பாளர் நாள் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கிறது. ஐசியை 20-இலேயே விட்டுவிட்டு, மீதிப் பெருக்கத்தை முன் நிலையில் எடுப்பதே நல்லது.

பட்டனில்தான் பலர் சறுக்குகிறார்கள். நான் கட்டிய முதல் பெட்டியில் தட்டிய பக்கமே நிற்கும் சாதாரண டாகிள் சுவிட்சைப் போட்டிருந்தேன். ஒரு நாள் அதை அணைக்க மறந்ததால், கட்டுப்பாட்டு அறையில் நடந்த அரட்டை முழுவதையும் கேட்டுக்கொண்டே அறிவிப்பாளர் செய்தி வாசித்து முடித்தார். விரலை எடுத்ததும் விடுபடும் பட்டனைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள். அதுவும் மைக்கின் மின்சாரத்தைத் துண்டிக்கும் இடத்தில் இருந்தால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் காதில் "டப்" என்று அறையும். மின்சாரம் எப்போதும் இருக்கட்டும்; மைக்கிலிருந்து ஒலியை மட்டும் கடத்தும் கெப்பாசிட்டரைத் தாண்டிய பிறகு வரும் ஒலியைக் கிரவுண்டுக்குக் குறுக்கிடச் செய்து, பட்டனை அழுத்தும்போது அந்தக் குறுக்கீடு விலகும்படி அமையுங்கள். அதே இடத்தில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கிரவுண்டுக்குப் போனால் கெப்பாசிட்டரில் தேங்கும் மின்னழுத்தமும் வடிந்துவிடும்.

பார்ட்டி லைன் என்பது தொழில்முறை இன்டர்காம்களின் வழி. ஒரே கேபிளில் மின்சாரமும் பேச்சும் போகும். பரவலான அமைப்பில் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் இணைப்பானின் இரண்டாம் பின்னில் சுமார் 30 வோல்ட், மூன்றாம் பின்னில் ஒலி, மொத்த வரிசைக்கும் ஒரே ஒரு 200 ஓம் முடிவு ரெசிஸ்டர். அந்த ரெசிஸ்டரை மறந்தால் ஒலி எகிறி ஊளையிடும், தவறுதலாக இரண்டு வைத்தால் பாதியாகக் குறையும். தன் குரல் தனக்கே பெரிதாகத் திரும்பாமல் ஒவ்வொருவரின் பேசும் கருவியிலும் சமன் செய்வதும் பொறுமையைச் சோதிக்கும். நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ளும் இடத்தில் இந்த உழைப்புக்குப் பலன் உண்டு. இரண்டு பேருக்கு இது வீண்.

மூன்றாவது வழி மென்பொருள். மம்பிள் போன்ற இலவசக் குரல் உரையாடல் நிரலை உள் வலையமைப்பில் நிறுவினால், சாலிடர் பிடிக்காமலே பேசலாம். வெளியூரில் இருக்கும் நிருபரையும் சேர்க்கலாம். இதில் குரலைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக்கின் ஒலித்துண்டு வழக்கமாக 20 மில்லி விநாடி. அதனுடன் இரு பக்க சவுண்ட் கார்டுகளின் தாமதமும், பாக்கெட்டுகள் ஒழுங்காக வரக் காத்திருக்கும் தாமதமும் சேரும். குறிப்புச் சொல்வதற்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டல்ல. நிருபருக்கு நிகழ்ச்சி ஒலியை அனுப்பும்போது மட்டும் அவருடைய குரலைக் கழித்துவிட்டு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் தன் சொல்லே பின்தொடர்ந்து வர, அவருக்கு நாக்குக் குழறும். உண்மையான ஆபத்து வேறு: பாட்டு ஓடும் கணினியிலேயே இந்த நிரலும் ஓடினால், ஏதோ ஒரு அப்டேட் இயல்பு சவுண்ட் கார்டை மாற்றிவிட, தயாரிப்பாளரின் குரல் நேராக ஒலிபரப்பில் ஏறிவிடும். தனிக் கணினியில் ஓடவிட்டு, அதன் வெளியீட்டை அனலாக் பெட்டியின் இன்னொரு உள்ளீட்டில் கொடுத்துவிட்டால் இரண்டு வழிகளின் நன்மையும் கிடைக்கும்.

எந்த வழியாக இருந்தாலும் நீங்களே கட்டும் டாக்பேக் ஹெட்போன் ஆம்பிளிஃபயருக்குள் சேர வேண்டுமே தவிர மிக்சருக்குள் சேரக் கூடாது. கட்டி முடித்ததும் அறிவிப்பாளரின் மைக்கைத் திறந்துவைத்து, மெயின் வெளியீட்டைப் பதிவு செய்தபடியே பட்டனைப் பலமுறை அழுத்திப் பேசிப் பாருங்கள். பதிவில் மெல்லிய முணுமுணுப்பு கேட்டால், சர்க்யூட்டைப் பிரிப்பதற்கு முன் ஹெட்போனைப் பாருங்கள். காதை முழுவதும் மூடாத வகையாக இருந்தால், குரல் அதிலிருந்து கசிந்து மைக்குக்குள் போயிருக்கும்.