பெரிய பூங்காவோடு மோதுவதா, தன் வழியில் போவதா?

டிஸ்னி மாதிரி கேளிக்கைப் பூங்காக்களுக்கு நடுவே சின்னப் பூங்கா பிழைக்க இரண்டு வழி: அவற்றோடு மோதுவது, இல்லை தன் வழியில் போவது. அமெரிக்காவில் இரண்டையும் முயன்று பார்த்துவிட்டார்கள். என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான்.

மோதிப் பார்த்தது புளோரிடாவின் சைப்ரஸ் கார்டன்ஸ். 1936இல் பூந்தோட்டமாகத் தொடங்கி, நீர்ச்சறுக்குக் காட்சிகளால் பேர் வாங்கிய இடம். 1971இல் பக்கத்திலேயே டிஸ்னி வேர்ல்டு வந்தபின் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. 2003இல் மூடி, 2004இல் புது முதலாளியின் கையில் ரோலர் கோஸ்டர்களோடு திறந்தார்கள். அதே ஆண்டு மூன்று புயல்கள், 2006இல் திவால், 2009இல் ஒரேயடியாக மூடல். இப்போது அங்கே லெகோலேண்ட் என்ற வேறொரு பூங்கா. பழைய தோட்டத்தையாவது விட்டுவைத்தார்களே!

பென்சில்வேனியாவின் க்னோபெல்ஸ் பூங்கா மோதவே இல்லை. 1926 முதல் ஒரே குடும்பம் நடத்துகிறது. நுழைவு இலவசம், வண்டி நிறுத்தவும் காசில்லை. ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் டிக்கெட் கொடுத்தால் போதும். பேரன் ஆடுவதைப் பார்க்க வந்த பாட்டி எதுவும் செலவழிக்காமல் மரநிழலில் உட்காரலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? குதிரை ராட்டினத்தில் சுற்றும்போதே கை நீட்டி வளையம் பிடுங்கலாம், பித்தளை வளையம் சிக்கினால் இன்னொரு சுற்று இலவசம். அங்கே பேர்போன 'ஃபீனிக்ஸ்' மரக் கோஸ்டர்கூடப் புதிதல்ல. டெக்சாஸில் மூடிக்கிடந்த பூங்காவிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து 1985இல் மறுபடி ஓடவிட்டது.

இயற்கை க்னோபெல்ஸையும் விடவில்லை, 2011இல் வெள்ளம் புகுந்தது. சுத்தம் செய்து திறந்துவிட்டார்கள். ஆனால் டிஸ்னி அவர்களுக்குப் பக்கத்து ஊரில் இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.